விலங்குருவங்களில் இயல்பும் குறிப்பும்

காட்டு விலங்குகளின் உருவங்களை மக்கள் வரைந்தும் செதுக்கியும் வருகின்ற வழக்கம் மிகப் பழமை வாய்ந்தது. அவ்வழக்கினை உற்று நோக்குவார்க்கு அதனுள் இரு நெறிகள் புலப்படும். கண்ணாற் கண்ட விலங்கினை அதன் உறுப்பும் நிலையும் செயலும் வழுவாமல் உள்ளவாறே காட்டுதல் ஒரு நெறி. விலங்கினை வாயிலாகக் கொண்டு அதனின் வேறாகிய ஒரு பொருளை உணர்த்துதல் மற்றொரு நெறி. முன்னது இயல்புரு எனவும் பின்னது குறிப்புரு எனவும் ஈண்டு வழங்கப்படும். திருக்கோயில்களுக்குச் செல்லும் அன்பர் இவ்விருவகை உருவங்களையும் நாள்தோறும் காண்கின்றனர். எனினும், தூண்தோறும் எழுந்து நிற்கும் சிங்கமும், துதிக்கையொடு கூடிய யாளியும் காட்டில் உள்ள எவ்விலங்கையும் ஒத்தன அல்லவே. அவற்றைச் செய்த தச்சர் இயற்கையைக் காணும் கண்ணிலாதவரோ என்னும் ஐயம் கற்றார் பலரிடத்தும் நெடுங்காலமாக உளது. அவ்வையத்தினை வரலாற்று முறையால் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வையத்தினை ஒரு குற்றச்சாட்டாகவே உலகறியக் கூறியவர் ஆங்கில நாட்டுக் கலைத்திறனாய்வாளராகிய ஜான் ரஸ்கின் என்பவர். அவர் 1858-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இலண்டன் மாநகரத்துத் தென் கென்சிங்டன் அரும்பொருட்சாலையில் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். அது மறு ஆண்டில் அவருடைய நூலொன்றிலும் இடம் பெற்றது. இந்தியக் கலை வண்ணத்தினும் நுண்ணிய வேலைப்பாட்டினும் சிறந்ததாயினும், இயற்கைப் பொருள் ஒன்றனையும் உள்ளவாறு காட்டுவதில்லை என்பதே அவர் கூறியதன் சாரம். மனிதனை எழுதப் புகுந்தால் பல கைகளையுடைய ஓர் அச்சவுருவினையே இந்தியர் எழுதுவர் என்றும், இயற்கையினின்று நீங்கிய கலையையுடைய மக்கள் கொடுமைக்கு ஆளாவர் என்றும் அவர் முடிவு கட்டினார். 1857-ஆம் ஆண்டில் நிகழ்ந்த கிளர்ச்சியின் சினம் ஆங்கில நாட்டில் ஆறாதிருந்த காலம் அது. ரஸ்கின் இந்தியாவிற்கு வந்தவரல்லர்; தமிழகத்துக் கோயில் ஒன்றனையேனும் கண்டவருமல்லர். ஆயினும் அவருடைய சொல்லாற்றலாற் கட்டுண்ட பலர் அம்முடிபினை ஆராயாதே ஏற்றுக்கொண்டனர். கலையைப் பற்றிய குறையாகத் தொடங்கிய சொல் ஓர் இனத்தின் ஒழுக்கத்தைப் பற்றிய பழியாகவும், அவர் வழிபடும் திருவுருவங்களைப் பற்றிய இகழ்ச்சியாகவும் விரிந்தமையின், இதனை எளிய செய்தியாகக் கருதி விடுத்தல் பொருந்தாது.

இதற்கு விடை காண்பதற்குச் செல்லத்தக்க இடம் மாமல்லபுரமாகும். அங்குள்ளவை கல்லிற் செதுக்கியவை அன்றோ, அவற்றைச் சித்திரம் எனல் யாங்ஙனம் எனின், சிற்பநூலார் சித்திரம் என்னும் சொல்லினை வண்ணத்தால் எழுதுவதற்கு மட்டும் உரிமையாக்கினாரல்லர். எப்புறத்தும் உருவம் நிரம்பியதனைச் சித்திரம் எனவும், ஒரு புறமே புடைத்து நிற்பதனை அர்த்தசித்திரம் எனவும், சுவரினும் துணியினும் வண்ணத்தால் எழுதுவதனைச் சித்திராபாசம் எனவும் மூவகையாகப் பகுத்தனர். ஆதலின் பாறையின் முகத்திற் புடைத்துத் தோன்றும் உருவங்களும் சித்திரமேயாம். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னனாகிய முதலாம் மகேந்திரவர்மன் தனக்குரிய பட்டங்களுள் ஒன்றாகச் சித்திரகாரப்புலி என்பதனையும் கல்லிற் பொறித்திருக்கின்றான். ஓவியருள் புலி போன்றவன் என்பது அதன் பொருள். காட்டு விலங்கின் பெயரே ஒரு குறியாக நின்று ஓவியத் திறமையை உணர்த்துதலை இப்பட்டத்திற் காணலாம். இம்மன்னனுடைய மகனாகிய மாமல்லன் எனப்படும் முதலாம் நரசிம்மவர்மன் 630 முதல் 668 வரை ஆண்டவன். மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பம் அவன் காலத்தில் தொடங்கப்பட்டது என்பது வரலாற்றறிஞர் பெரும்பாலாருடைய துணிபு.

அருச்சுனன் தவம் எனவும் கங்கை இறங்குதல் எனவும் இருவகையாக வழங்கப்படும் அச்சிற்பம், நடுவே ஒரு பிளவினையுடைய இரு பெரும்பாறைகளின் முகத்திற் செதுக்கப்பட்டது. அதன் நீளம் ஏறக்குறைய 90 அடி. உயரம் 30 அடிக்கு மேற்பட்டது. தேவரும் முனிவரும் கின்னரரும் நாகரும் வேடரும் விலங்குகளுமாக நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள் அதன்கண் உள்ளன. பிளவின் இடப்புறத்தே ஒற்றைத் தாளில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தி, உடல் வற்றத் தவம் புரிகின்றான் ஒருவன். அவன் அருகே நான்கு திருக்கரங்களோடு சிவபெருமான் பூதகணங்கள் சூழ நின்று அருள்புரிகின்றான். அத்தவத்தோன் பாசுபதம் வேண்டிய அருச்சுனனே என்பது பழைய வழக்கு. அவன் கங்கையை வேண்டிய பகீரதன் என்னும் கொள்கையை 1914-ஆம் ஆண்டில் விக்டர் கொலுபெவ் என்பார் பிரெஞ்சு மொழியில் விரித்தெழுதினார். இவ்விரு கொள்கைக்கும் இடமளிக்கும் வண்ணமாகவே அச்சிற்பம் அமைந்திருத்தலின் அவ்வழக்கு இன்றுகாறும் ஓய்ந்திலது. யாதானும் ஆகுக, அங்குள்ள விலங்குகள் யாருடைய கதைக்கும் காத்திராமல் தத்தம் இயல்பிலே நிற்கின்றன.

பிளவின் வலப்புறத்தே உள்ள யானைக்கூட்டத்தை முதற்கண் நோக்குக. பெருங்களிறு ஒன்று உயிர்யானையின் அளவினதாய் முன்னே நிற்கின்றது. அதன் பின் பிடி. அவற்றின் கால்களுக்கிடையே கன்றுகள் ஒதுங்கி நிற்கின்றன. களிற்றின் மத்தகம் புடைத்தலும், செவி விரிதலும், துதிக்கை தன் கனத்தால் தொங்குதலும், தோல் திரண்ட உடலின் மேல் இறுகிக் கிடத்தலும் அளந்து வைத்தாற்போல அமைந்துள்ளன. கன்றுகளின் உடலிலோ அந்த இறுக்கம் இல்லை. இளமையின் மென்மையே தோன்றுகின்றது. களிறும் பிடியும் கன்றும் கூடித் திரியும் முறையினைக் காட்டிலும் நாட்டிலும் பன்னாள் கண்டு பழகாத ஒருவனால் இவ்வுருவங்களைச் செதுக்குதல் இயலாது. அன்றியும், அவை எப்புராணத்தின் பொருட்டும் அணிசெய்யப்பட்டன அல்ல. முகபடாமும் மணியும் அம்பாரியும் அவற்றிற்கு இல்லை. காட்டில் உள்ளவாறே நீர்நிலை நாடி வந்த யானைகளாக அவை தோன்றுகின்றன.

இனி மானைக் காண்க. பாறையின் கீழ்ப்பகுதியில் அமைந்த மான் ஒன்று தன் பின்னங்காற் குளம்பினால் மூக்கினைச் சொறிந்துகொள்கின்றது. தவத்தின் பெருமைக்கோ கங்கையின் வரவிற்கோ இச்செயல் ஒரு சிறிதும் வேண்டப்படுவதன்று. தச்சன் அதனைக் கண்டான், கண்டதில் உவந்தான், ஆதலிற் செதுக்கினான். அப்பெரும்பாறைக்கு அணித்தாகத் தனிக்கல்லில் செய்யப்பட்ட குரங்குக் குடும்பமும் இத்தகையதே. ஆண்குரங்கு பெண்குரங்கின் மயிரைக் கோதிப் பேன் பார்க்கின்றது. பெண்குரங்கு தன் குட்டிக்குப் பாலூட்டுகின்றது. இவற்றைக் காணும் ஒருவர், இந்தியக் கலை இயற்கைப் பொருளை உள்ளவாறு காட்டுவதில்லை என்று கூறுதல் இயலுமோ? ரஸ்கின் அவ்வாறு கூறுவதற்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளின் முன்னரே அக்கூற்றிற்கு மறுப்பு மாமல்லபுரத்துப் பாறையில் எழுதப்பட்டிருந்தது.

ஆயினும் அதே பாறையில் உள்ள சிங்கங்களை நோக்குமிடத்து வேறொரு செய்தி தெரியவருகின்றது. அவற்றின் பிடரிமயிர் சுருள் சுருளாக வரிசைப்பட்டுக் கிடக்கின்றது. கண்கள் உருண்டு பிதுங்குகின்றன. உடல் சிங்கத்தின் உடலாகவுமின்றிப் புலியின் உடலாகவுமின்றி ஒரு பொதுவடிவாகவே உளது. யானையையும் மானையும் குரங்கையும் உள்ளவாறு செதுக்கிய கைகளே சிங்கத்தை இங்ஙனம் செதுக்கின. இவ்வேறுபாட்டின் காரணம் யாது? தமிழகத்துக் காடுகளில் சிங்கம் வாழ்ந்தமைக்கு உறுதியான சான்று இல்லை. இன்று இந்திய நாட்டில் காட்டுச் சிங்கம் கூர்ச்சரத்துக் கிர் காட்டினும் அதனைச் சூழ்ந்த பகுதிகளினுமே உளது. பல்லவர் காலத்துத் தச்சன் அதனை உயிரோடு கண்டிருத்தல் அரிது. நூல்களிற் கேட்டும், வடபுலத்துப் பழஞ்சிற்ப மரபினைப் பின்பற்றியும் அவன் அதனைச் செய்தான். எனவே, கண்டதனைக் கண்டவாறு செய்தான்; காணாததனைக் கருதியவாறு செய்தான் என்பது பெறப்படும்.

இஃது இந்திய நாட்டார்க்கே உரியதொரு குறையன்று. 1515-ஆம் ஆண்டு மே திங்களில் கூர்ச்சரத்துச் சுல்தானிடமிருந்து பெறப்பட்ட காண்டாமிருகம் ஒன்று கடல்வழியே போர்த்துக்கல் நாட்டு லிசுபன் துறைமுகத்தை அடைந்தது. அதனைப் பற்றிய ஒரு கடிதமும் வரைபடமும் செருமனி நாட்டு நூரெம்பர்க் நகரத்திற்குச் சென்றன. ஐரோப்பிய ஓவியருள் இயற்கையைக் கூர்ந்து நோக்குவதிற் பெரும்புகழ் படைத்த ஆல்பிரெக்ட் டூரர், அவ்விலங்கினைத் தாம் காணாமலே அக்குறிப்புக்களைக் கொண்டு மரக்கட்டையிற் செதுக்கி அச்சிடும் படமாக எழுதினார். அவர் எழுதிய காண்டாமிருகம் இரும்புக் கவசம் பூண்ட போர்வீரன்போல் தோன்றுகின்றது. அதன் தோளின்மேல் இல்லாத ஒரு சிறு கொம்பும் முளைத்திருக்கின்றது. அப்படமே பன்னெடுங்காலம் ஐரோப்பிய நூல்களில் மெய்யுருவாக மதிக்கப்பட்டு வந்தது. டூரர் எழுதிய முயலைக் கண்டு அவருடைய திறமையை வியப்பவர், அவர் எழுதிய காண்டாமிருகத்தைக் கொண்டு அவரை இயற்கை அறியாதவர் எனக் கூறார். அந்நீதியினையே பல்லவர் காலத்துத் தச்சனுக்கும் வழங்குதல் முறையாகும்.

அற்றேல், குறிப்புரு என்பது அறியாமையின் மறுபெயரே. விலங்கினைக் காணாதபோது எழுதியதற்குப் பிற்காலத்தார் பொருள் கற்பித்தனர் என்று ஒருவர் தடை நிகழ்த்தலாம். அத்தடை ஓரளவு வலியுடையதே. அதனை நீக்குதற்குச் சிங்கத்தைக் காட்டுதல் போதாது. தச்சன் நன்கறிந்த விலங்கினையே எடுத்து, அதன் இயல்பினை அறிந்து வைத்தும், வேறொரு பொருள் கருதி மாற்றியமைத்த இடம் உண்டாயின் அதனைக் காட்டுதல் வேண்டும். அத்தகைய இடம் அப்பாறையிலேயே உளது. பெருங்களிற்றின் தந்தங்களுக்கு அண்மையில், கண்டும் காணாததுபோல் கடந்து செல்லுதற்குரிய சிறிய அளவில், ஒரு பூனை நிற்கின்றது. அது பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் உயர்த்தி, மறுபுறத்தில் உள்ள தவத்தோனைப் போலவே தவம் புரிகின்றது. அதனைச் சூழ எலிகள் உள்ளன. பூனையின் உடல் பூனையின் இயல்பினதே. அதன் நிலையோ எப்பூனையும் நில்லாத நிலை.

இதன் பொருள் பாரதம் கேட்டார்க்கு விளங்கும். கங்கைக் கரையிற் கைகளை உயர்த்தித் தவம் புரிவதுபோல் நடித்த பூனையினை நம்பி அடைக்கலம் புகுந்த எலிகள் நாளடைவில் அதற்கு இரையாயின என்னும் கதை, உத்தியோக பருவத்தில் தருமனை இகழுமாறு துரியோதனன் உலூகன் வாயிலாகச் சொல்லி விடுத்த செய்தியில் வருகின்றது. மெய்த்தவம் இறைவன் திருமுன் ஒருபுறம். அதே நிலையில் பொய்த்தவம் எலிகளின் முன் மற்றொருபுறம். கைகள் ஒருவாறே உயர்ந்துள்ளன. கால்கள் ஒருவாறே ஊன்றியுள்ளன. புறத்தோற்றம் ஒன்றாக இருப்பவும் அகம் வேறாக இருத்தலை இதனினும் சுருங்கக் காட்டுதல் அரிது. கூடாவொழுக்கத்தினை விளக்கத் திருவள்ளுவர் புலித்தோல் போர்த்த பசுவினை உவமையாகக் கொண்டதும் இம்முறையதே. எனவே, குறிப்புரு அறியாமையாற் பிறப்பது என்னும் தடை நில்லாதொழிந்தது. அறிந்த விலங்கினை அறிந்தே மாற்றுதல் கலையின் ஓர் ஆற்றல் என்பது துணியப்பட்டது.

இத்துணிவோடு சிங்கத்தினை மீண்டும் நோக்குக. மகேந்திரவர்மன் காலத்துக் குகைக்கோயில்களில் தூண்கள் அணியின்றி, மேலும் கீழும் சதுரமாகவும் இடையே எட்டுப்பட்டையாகவும் அமைந்தன. மாமல்லன் காலத்தில் தூண்களின் அடியிற் சிங்கம் அமர்ந்தது. எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட இராசசிம்மன் காலத்தில் அச்சிங்கம் பின்கால்களில் எழுந்து நின்றது. காஞ்சிக் கைலாசநாதர் திருக்கோயிலில் அதனை எப்பக்கத்தும் காணலாம். இராசசிம்மன் என்னும் பெயர்க்கு அரசருட் சிங்கம் என்பது பொருள். நரசிம்மன், இராசசிம்மன் எனச் சிங்கத்தின் பெயர் பூண்ட மன்னர் தாம் எடுத்த கோயிலின் பாரத்தைச் சிங்கத்தின் தலைமேல் வைத்தனர். அரசன் தன் ஆற்றலோடு இறைவன் திருக்கோயிலைத் தாங்கி நிற்கின்றான் என்பதே அத்தூண் கூறும் செய்தி. அச்செய்திக்கு வேண்டுவது காட்டுச் சிங்கத்தின் தசையும் மயிரும் அல்ல. ஆற்றல், அடக்கம், விழிப்பு என்பனவே. அவற்றை அவ்வுருவம் குறைவின்றிக் காட்டுகின்றது.

யானையின் வாயிலாக இச்செய்தி இன்னும் தெளிவாகும். ஐந்து இரதங்கள் எனப் பிற்காலத்தார் பெயரிட்டு வழங்கும் ஒற்றைக்கற் கோயில்களுள் நகுல சகாதேவ இரதம் எனப்படுவதன் பின்புறம் வளைந்து திரண்டுள்ளது. பின்னின்று நோக்குவார்க்குப் படுத்துறங்கும் யானையின் முதுகினைப் போலத் தோன்றுதலின் இவ்வகைக் கோயிலைத் தமிழர் தூங்கானை மாடம் என்றும், வடநூலார் கசபிருட்டம் என்றும் வழங்கினர். அக்கோயிலின் அருகிலேயே தனிக்கல்லில் ஒரு யானை முழுவுருவமாகச் செதுக்கப்பட்டு நிற்கின்றது. யானையையும் கோயிலையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு, ஒன்று மற்றொன்றற்கு உரையாக நிற்றல் விளங்கும். யானை இயல்புரு, கோயில் அவ்வியல்புருவினின்று வடித்தெடுத்த குறிப்புரு. தலையும் காலும் துதிக்கையும் நீங்கிப் போயின. முதுகின் திரட்சியும் அமைதியும் மட்டும் எஞ்சின. இயல்பினை முற்ற அறிந்தவனே எதனை விடுவது, எதனை வைப்பது என்பதனை அறிவான்.

இனிச் சைவர்க்கு மிகவும் அணித்தாகிய திருவுருவம் ஒன்று உளது. தாருகவனத்து முனிவர் வேள்வியினின்று எழுப்பி ஏவிய யானையை உரித்து அதன் தோலைப் போர்த்த கசசங்கார மூர்த்தமே அது. அட்டவீரட்டங்களுள் ஒன்றாகிய வழுவூர் இம்மூர்த்தத்திற்கு உரிய தலம். தாராசுரத்திலிருந்து கொண்டுவரப்பட்ட கருங்கல்லாலாகிய இம்மூர்த்தம் ஒன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் உளது, அது கி.பி. 12-ஆம் நூற்றாண்டினதாகும். அதன்கண் யானை யானையாகத் தோன்றுவதில்லை. அதன் தோல் பெருமானைச் சூழ்ந்து ஒரு திருவாசிபோல் விரிந்திருக்கின்றது. கனமெல்லாம் நீங்கிப் போர்வையாகியுள்ளது. யானையின் கனத்தை மாமல்லபுரத்திற் காட்டிய மரபில் வந்த தச்சரே ஐந்நூறு ஆண்டுகளின் பின் அக்கனத்தை ஈண்டு நீக்கினர். ஏனெனின், ஈண்டு உணர்த்தப்படுவது யானை அன்று. யானைபோற் கொழுத்து எதிர்ந்து வந்த ஒன்று இறைவன் திருவடிப்பட்டுத் தன் வலியிழத்தலே உணர்த்தப்படுகின்றது. அதனை ஆணவமலத்தின் அடையாளமாகக் கொண்டு சான்றோர் பொருள் உரைப்பர். முப்புரம் என்பது மும்மலத்தின் காரியமே எனத் திருமூலர் காட்டிய நெறியும் இதுவே. மலம் கண்ணுக்குப் புலனாகாதது; புலனாகாததனைப் புலனாகும் ஒன்றனால் அல்லது உணர்த்துதல் இயலாது. அதன்பொருட்டு எடுத்த விலங்கினைக் காட்டு விலங்கோடு ஒப்பிட்டுக் குறை கூறுதல், விரலாற் சுட்டிய திங்களை விடுத்து விரலின் அழகினை ஆராய்தல் போலும்.

இவ்வாறு கூறியதனால் எல்லா விலங்குருவத்திற்கும் தத்துவப்பொருள் கற்பித்தல் வேண்டும் என்பது கருத்தன்று. அது மறுதலையாகிய ஒரு பிழை. மூக்கினைச் சொறியும் மானிற்கும் பேன் பார்க்கும் குரங்கிற்கும் மலமாயை கன்மங்களுள் ஒன்றனைப் பொருளாக்குவார், தச்சன் உயிர்கள்மாட்டு வைத்த அன்பினை மறைப்பவராவர். சிவபெருமான் தோன்றிய இடத்தில் அவ்வுயிர்களும் தத்தம் வாழ்வை அச்சமின்றி நடத்துகின்றன என்பதே அவற்றின் சிறப்பு. இயல்புருவினைக் குறிப்பாக்குதலும் குறிப்புருவினை இயல்பால் அளத்தலும் ஒன்றற்கொன்று குறையாத வழுக்கள். முன்னதில் அன்பர் சிலரும், பின்னதில் ரஸ்கின் போல்வாரும் வழுவினர்.

வேறொன்றும் நடுநிலையோடு கூறற்பாலது. குறிப்புரு பொருளுணர்வோடு செய்யப்படும் வரையில் உயிருடையது. பொருள் மறந்து அளவு மட்டும் கைம்மாறி வருமிடத்து அது வெறும் அணியாய்விடும். விசயநகர மன்னரும் நாயக்க மன்னரும் எடுத்த பெருமண்டபங்களில் வரிசைவரிசையாக நிற்கும் யாளிகளுட் சில வியக்கத்தக்க கைத்திறன் உடையன. சிலவோ ஒன்றன்படியாக மற்றொன்று செய்யப்பட்டனவாய்ப் பொருளுணர்வு மங்கியன. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் பாயும் குதிரைகளும், அவற்றின்மேல் அமர்ந்த வீரரும், எதிர்ந்து மடியும் வேங்கைகளும் கல்லின் கனத்தையே மறக்கச் செய்வன. ஆயினும் பல்லவர் பாறையிலுள்ள சிறு பூனை உணர்த்தும் அளவிற்கு அவற்றுள் எவ்விலங்கும் கருத்தினை உணர்த்துகின்றது எனல் அரிது. ரஸ்கின் கூறியதில் ஏற்கத்தக்கது ஏதேனும் உளதாயின், இயற்கையை நோக்குதலை ஒழித்த கலை நாளடைவில் வறளும் என்னும் அத்துணையேயாம்.

ரஸ்கின் காலத்தின்பின் இப்பழியினை நீக்க உழைத்தாருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். 1884-ஆம் ஆண்டில் சென்னைக் கலைப்பள்ளிக்குத் தலைவராக வந்த ஹாவெல் என்னும் ஆங்கிலர் 1908-இல் இந்தியச் சிற்பத்தையும் ஓவியத்தையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டு, இந்தியக் கலையினை அதன் கருத்து நோக்கியே அளத்தல் வேண்டும் என நிறுவினார். 1910-ஆம் ஆண்டு ஜனவரியில் இலண்டனில் நடைபெற்ற ஒரு கூட்டத்தில் சர் ஜார்ஜ் பேர்ட்வுட் என்பார் சாவக நாட்டுப் புத்தர் திருவுருவம் ஒன்றனைக் கொழுப்பிட்டு வேகவைத்த ஒரு பண்டத்தோடு ஒப்பிட்டு இகழ்ந்தார். அடுத்த திங்களில் ஆங்கிலக் கலைஞரும் அறிஞருமாகிய பதின்மூவர் அவ்விகழ்ச்சியை மறுத்து டைம்ஸ் இதழிற் கடிதம் வெளியிட்டனர். மற்றொருவர் இலங்கையிற் சைவத் தமிழ்க் குடியிற் பிறந்த சர் முத்துக் குமாரசுவாமியின் மகனாராகிய ஆனந்த குமாரசுவாமி. அவர் சிவபெருமானுடைய திருக்கூத்தினைப் பற்றி எழுதிய கட்டுரை முதன்முதலில் 1912-ஆம் ஆண்டில் சித்தாந்த தீபிகை என்னும் சைவ இதழில் வெளிவந்தது. 1918-இல் அவருடைய கட்டுரைத் தொகுதிக்கே அது பெயராயிற்று. பல கைகளையுடைய அச்சவுரு என இகழப்பட்ட திருவுருவம் ஐந்தொழிலின் விளக்கமென உலகம் அறிந்தது அக்கட்டுரையாலேயே எனலாம். மாமல்லபுரத்துச் சிற்பங்களும் 1984-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன.

இவ்வாராய்ச்சியின் முடிபு அன்பர்தம் வழிபாட்டிற்கும் உரியது. மேற்கூறிய தூங்கானை மாடம் என்னும் பெயரே திருப்பெண்ணாகடத்துத் திருக்கோயிலுக்கும் வழங்குகின்றது. சிவஞானபோதம் அருளிய மெய்கண்டதேவர் தோன்றியதும் அப்பதியிலேயே. சமணரோடு நெடுங்காலம் கூடியிருந்த தம் உடலோடு வாழ விரும்பாத திருநாவுக்கரசர், அத்தூங்கானை மாடத்துப் பெருமான் திருமுன் நின்று, மூவிலைச் சூலக்குறியும் இடபக்குறியும் தம்மேற் பொறித்தருளுமாறு வேண்டினார் என்றும், அவ்வாறே அவர் திருத்தோள்களில் அக்குறிகள் பொறிக்கப்பட்டன என்றும் பெரியபுராணம் கூறும். சித்திரகாரப்புலி எனப் பட்டம் பூண்ட மகேந்திரவர்மனே நாவரசரைத் துன்புறுத்திப் பின் சைவம் சார்ந்த பல்லவன் என்பது வரலாற்றாசிரியர் பலர் கொள்கை. ஓவியத்திற் புலியெனத் தன்னை மதித்த மன்னன் வாழ்ந்த நாட்டில், நாவரசர் திருத்தோளில் இடப்பட்ட இடபம் எத்துணைச் சிறிதாக, எத்துணை எளிய கோடுகளால் அமைந்திருத்தல் கூடும்! அவ்விடபம் காட்டிலும் தொழுவத்திலும் உள்ள ஏற்றினை ஒத்திருந்ததோ என்று வினவுவார் ஒருவருமிலர். அஃது இவ்வுடல் இன்னார்க்கு உடைமை என்பதனை உணர்த்திற்று. அதனை உணர்ந்த அளவில் அவர் அதனைத் தாங்கி வாழ்ந்தார். உள்ளவாறு காணும் கண்ணும், காணாததனைக் குறியால் உணரும் நெஞ்சும் ஒன்றனையொன்று மறுப்பன அல்ல; பழந்தமிழகத்துத் தச்சனிடத்து அவ்விரண்டும் ஒருங்கே இருந்தன. அவன் செதுக்கிய உருவங்களின் முன் நிற்பாரும் யானையிடத்துக் கண்ணினையும், யானையுரி போர்த்தான் திருமுன் நெஞ்சினையும் வைத்து நோக்குவாராக.